மரலுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

அபார்ட்மென்ட் வாசல், ஐடி கம்பெனி ரிசப்ஷன், பல் டாக்டர் கிளினிக், பேங்க் மேனேஜர் மேஜை. எங்கே போனாலும் ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கிற நாலைந்து இலைகளைப் பார்க்கிறோம். பச்சையின் மேல் குறுக்குவாட்டில் வரிவரியாகக் கோடுகள். சிலவற்றில் ஓரத்தில் மஞ்சள் கரை. நர்சரியில் "ஸ்நேக் பிளாண்ட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே இரண்டு வாக்கியம் சொல்வார்கள்: "இது காத்தை சுத்தம் பண்ணும் சார். இதைச் சாகடிக்கவே முடியாது."

முதல் வாக்கியம் பெரும்பாலும் தப்பு. இரண்டாவது கிட்டத்தட்ட சரி. ஆனாலும் வீடுகளில் இந்தச் செடி செத்துக்கொண்டேதான் இருக்கிறது. சாகிற காரணமும் அநேகமாக ஒன்றேதான்: தண்ணீர். தண்ணீர் இல்லாமல் அல்ல, அதிகமாகி.

இதற்கான பராமரிப்புக் குறிப்புகள் இணையத்தில் ஆயிரம் இருக்கின்றன. ஆனால் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று தேடிப் போனால், சங்கப் பாடல்கள், ஆந்திரக் கடற்கரையில் ஒரு தோட்டம், கிரிமியப் போர், நாசா என்று வழி நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு காலத்திலும் மனிதர்கள் இந்தச் செடியிடம் வேறு வேறு வேலையை எதிர்பார்த்திருக்கிறார்கள். பூத்தொடுக்க நார், வில்லுக்கு நாண், கப்பலுக்குக் கயிறு, ஹாலுக்கு அழகு, கடைசியாகச் சுத்தமான காற்று. செடி மட்டும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது: கிடைத்த தண்ணீரை இலைக்குள் பூட்டி வைப்பது. இதைப் புரிந்துகொண்டால் பராமரிப்புக் குறிப்பே தேவைப்படாது.

முதலில் பெயர்

தொட்டியில் நாம் வளர்ப்பது மேற்கு ஆப்பிரிக்கச் செடி. ஆனால் அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. கிழக்குக் கரையோரத்திலும் வறண்ட புதர்க்காடுகளிலும் தானாக முளைத்துக் கிடக்கும். இலை கொஞ்சம் ஒடுக்கம். நடுவில் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். அதே போலக் கரும்பச்சைப் பட்டைகள். தமிழில் இதற்கு மருள் என்று பெயர். இன்னும் பழைய பெயர் மரல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் மரல் என்ற சொல்லைப் பார்த்தால் இந்தச் செடியிடம்தான் கொண்டுபோய் விடும்.

சங்க இலக்கியத்தில் மரல் பல இடங்களில் வருகிறது. மூன்றை மட்டும் பார்க்கலாம்.

குறுந்தொகை 232இல் ஓர் ஆண் மான் வருகிறது. கரிய கழுத்துள்ள இரலை. அது மரலைத் தின்றுவிட்டு, யானை முறித்துப் போட்ட யா மரத்தின் புள்ளி நிழலில் படுத்துத் தூங்குகிறது. பொருள் தேடிப் போன தலைவன் கடந்து போகிற வறண்ட வழி அது. அங்கே மானுக்குச் சாப்பாடு மரல்தான்.

கலித்தொகையின் ஆறாவது பாடல் பாலைக்கலியில் வருவது. மழை பொய்த்துவிட்டது. காட்டுப் பசு மரலைப் பறித்துத் தின்கிறது. அந்த மலைவழியில் போகிறவர்கள் ஆறலைக் கள்வரின் அம்பு பட்டு உடல் வாடிக் கிடக்கிறார்கள். நாக்கு உலர்ந்து போகிறது. நனைக்கத் தண்ணீர் இல்லை. அவர்கள் கண்ணீர்தான் அந்த நாக்கை நனைக்கிறது. மனிதனுக்குக் கண்ணீரைத் தவிர ஈரமே இல்லாத இடத்தில், கடித்தால் ஈரம் கிடைக்கிற ஒரு பொருளாக மரல் நிற்கிறது.

மூன்றாவது புறநானூறு 264. ஆநிரையை மீட்டு வந்த வீரன் இறந்துவிட்டான். பரல் கற்கள் கிடக்கிற மேட்டில் அவனுக்கு நடுகல் நடுகிறார்கள். மரலைக் கிழித்து நாரெடுத்து, அதில் சிவப்புப் பூக்களைத் தொடுத்து, மயில் பீலியோடு சூட்டுகிறார்கள். அவன் போய்விட்டது தெரியாமல் பாணர் கூட்டம் இன்றைக்கும் பரிசில் கேட்டு வருமோ என்று கவிஞர் கேட்கிறார். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைய செடிப்பெயரை இன்றைய தாவரவியல் பெயரோடு ஒட்டும்போது ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கே பொருத்தம் நன்றாக இருக்கிறது. வறண்ட நிலம், இலைக்குள் ஈரம், கிழித்தால் நார். இந்த மூன்றும் சேர்ந்த செடிகள் நம் காடுகளில் அதிகம் இல்லை. மானுக்குக் கிடைத்தது ஈரம், நடுகல்லுக்குக் கிடைத்தது நார். இலையை வெட்டிப் பார்த்தாலும் இந்த இரண்டும்தான் இருக்கும்: நீரைச் சேர்த்து வைக்கிற பெரிய செல்கள், அந்தக் கனமான இலையை நிமிர்த்திப் பிடிக்கிற நார்க்கற்றைகள்.

வில்லின் நாண்

வடமொழியில் இதற்குச் சொல்லப்படும் பெயர் மூர்வா. மூர்வாவிலிருந்து செய்தது மௌர்வி, அதாவது வில்லின் நாண். மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில், உபநயனத்தின்போது இடுப்பில் கட்டும் மேகலை ஒவ்வொரு வர்ணத்துக்கும் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வருகிறது. பிராமணனுக்கு முஞ்சைப் புல், வைசியனுக்குச் சணல், க்ஷத்திரியனுக்கு மூர்வா நாண். நடுகல்லில் நிற்கிற வீரனுக்கு மாலை தொடுத்த அதே வகை நார், இங்கே வர்ணத்தைக் காட்டுகிற அடையாளமாகிவிட்டது.

வைத்திய நூல்களில் மூர்வா என்று வருவது எந்தச் செடி என்பதில் அறிஞர்களிடையே பழைய சண்டை ஒன்று உண்டு. மார்ஸ்டெனியா என்ற கொடி என்று ஒரு கட்சி, மருள் என்று இன்னொரு கட்சி. அந்தக் கொடியிலும் வலுவான நார் உண்டு, அதனால் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் ஆங்கிலேயர்கள் வந்தபோது வங்காளத்தில் மூர்வா என்று அவர்களிடம் காட்டப்பட்டது மருள் இனம்தான். ஆங்கிலத்தில் இதற்கு "வில் நாண் சணல்" என்று பொருள்படும் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

சாமல்கோட்டையில் இரண்டு பேர்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், இன்றைய ஆந்திராவில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் உள்ள சாமல்கோட்டையில் ஒரு தோட்டம் வைத்திருந்தார். கம்பெனிக்குக் காசு தரக்கூடிய செடி எது என்று பார்ப்பது அவர் வேலை. மிளகு, அவுரி, நார்ச்செடிகள் என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். உள்ளூர் ஓவியர்களை வைத்து வரைந்த படங்கள் 1795 முதல் லண்டனில் புத்தகமாக வந்தன. சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிய மூன்று பெரிய தொகுதிகள். அதில் மருளும் இருக்கிறது. அவர் அதை இலங்கை இனத்தின் பெயரில் எழுதினார். இது தனி இனம் என்று முடிவானபோது, 1829இல் ஷுல்டெஸ் என்ற அப்பாவும் மகனும் சேர்ந்து ராக்ஸ்பர்க் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

நார் எடுக்கிற வேலை எப்படி நடந்தது என்பதும் அந்த நூற்றாண்டின் புத்தகங்களில் இருக்கிறது. வழவழப்பான பலகையில் இலையை வைத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். மழுங்கிய தகட்டை இரண்டு கையாலும் பிடித்து இலையை இழுத்துச் சுரண்ட வேண்டும். சதை வழிந்து போகும், வெள்ளை நார் மிஞ்சும். அதை அலசிக் காய வைக்க வேண்டும். ஊறவைத்து அழுகவிட்டும் எடுக்கலாம், ஆனால் நிறம் கெடும். வழிந்து போகிற அந்தச் சதையைத்தான் கவனிக்க வேண்டும். இலையின் எடையில் பெரும்பகுதி அதுதான். அதாவது தண்ணீர். கூடை கூடையாக இலை சுரண்டினால் கைப்பிடி நார் கிடைக்கும்.

1793இல் ராக்ஸ்பர்க் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். சாமல்கோட்டையில் அவர் இடத்துக்கு வந்தவர் பெஞ்சமின் ஹைனே. தரங்கம்பாடிக்கு மொரேவியன் மிஷனரியாக வந்த ஜெர்மானியர், பிறகு கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். அவர் 1813இல் லண்டன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வேடிக்கையான ஒரு விஷயம் இருக்கிறது. ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, மத்தியானம் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். ஒரே இலை, ஒரே நாளில் மூன்று சுவை.

இது ஏன் என்று சரியாகத் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரை ஆனது. வறண்ட நில வாழ்க்கைக்குப் பழகிய சில செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். வெயிலில் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் அல்லவா? அதனால் இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கும். விடிந்ததும் துளையை மூடிவிட்டு, சேமித்ததை வெளிச்சத்தில் எடுத்துச் சமைக்கும். காலைப் புளிப்பு அந்த அமிலம்தான். எங்கள் தொழிலில் சொல்வதானால் இரவில் டேட்டாவை இறக்கி வைத்து, பகலில் ஆஃப்லைனாகப் பிராசஸ் பண்ணுவது. மருளும் நம் தொட்டிச் செடியும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கயிறாக மாறாத கதை

1854இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. எதிரி ரஷ்யா. சிக்கல் என்னவென்றால் பிரிட்டிஷ் கப்பல்களின் கயிறுக்கான சணல் வந்துகொண்டிருந்ததே ரஷ்யாவிலிருந்துதான். உடனே எல்லோரும் இந்தியாவின் நார்ச்செடிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். 1855இல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் இந்திய நார்ச்செடிகளைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். அதே ஆண்டு மெட்ராஸில் மூலப்பொருள்களுக்கும் கைத்தொழில்களுக்கும் பெரிய கண்காட்சி நடந்தது. அந்தக் காலத்து ஆங்கில எழுத்துகளில் எருக்கும் மருளும் தமிழ்ப் பெயரிலேயே ஆங்கில எழுத்தில் வருகின்றன. நம் பெயர் உலகச் சந்தைக்குப் போக ஒரு வாய்ப்பு இருந்த நேரம் அது.

போகவில்லை. காரணம் கணக்கு. காட்டு மருளின் இலை ஒன்றிரண்டு அடி, நன்றாகப் பயிரிட்டால் மூன்று நான்கு அடி. பொறுமையாக வளரும். கையால் சுரண்ட வேண்டும். இன்னொரு பக்கம் வங்காளத்துச் சணல் சில மாதத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து டண்டீ ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1890களில் மெக்சிகோவின் சிசல் கற்றாழை ஆப்பிரிக்கத் தோட்டங்களுக்குப் போனது. அதன் இலை பெரியது, இயந்திரத்தில் போட்டு எடுக்கலாம். மருளின் நார் மென்மையும் பலமும் உள்ளதுதான், ஆனால் அதற்குள் சந்தை முடிந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் இன்னொரு முறை கதவு தட்டப்பட்டது. ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்கு மணிலாக் கயிறு நின்றுபோனது. ஃபுளோரிடாவில் இந்த இனத்துச் செடிகளை நாருக்காக வளர்த்து ஆராய்ந்தார்கள், கலப்பினம்கூட உருவாக்கினார்கள். போர் முடிந்தது, நைலான் வந்தது, அதோடு சரி.

ஆப்பிரிக்கச் சொந்தம்

இப்போது தொட்டிக்கு வருவோம். லின்னேயஸ் 1753இல் இந்தக் குடும்பத்துச் செடிகளைக் கற்றாழைப் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். பார்த்ததும் "கற்றாழை மாதிரி இருக்கே" என்று சொல்கிறவர்கள் தைரியமாகச் சொல்லலாம், துணைக்கு லின்னேயஸ் இருக்கிறார். 1787இல் நேப்பிள்ஸைச் சேர்ந்த பெடாக்னா, சான்செவெரினோ என்ற பிரபுவின் நினைவாகச் சான்செவெரினியா என்று பெயர் வைத்தார். 1794இல் ஸ்வீடனின் துன்பர்க் அதைச் சான்செவீரியா என்று எழுதினார். நிலைத்தது துன்பர்க்கின் எழுத்துக்கூட்டல்தான்.

இன்று உலகம் முழுக்கத் தொட்டியில் இருக்கிற மேற்கு ஆப்பிரிக்க இனத்துக்கு முறையான பெயர் கிடைத்தது ஆப்பிரிக்காவிலும் அல்ல, ஐரோப்பாவிலும் அல்ல. வங்காளச் செடிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த டேவிட் பிரெய்ன் 1903இல் வெளியிட்ட நூலில்தான் சான்செவீரியா டிரைஃபாசியாட்டா என்ற பெயர் முதலில் வருகிறது. மூன்று பட்டை கொண்டது என்று பொருள். பிரெய்ன் இரண்டு ஆண்டு கழித்து லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநராகப் போனார். ஆப்பிரிக்கச் செடி, இந்தியப் புத்தகம், லத்தீன் பெயர். ஏகாதிபத்தியக் காலத்துத் தோட்டங்கள் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மஞ்சள் கரை போட்ட வகைக்கு லாரென்டி என்று பெயர். காங்கோவில் செடி சேகரித்த பெல்ஜியத் தாவரவியலாளர் எமில் லாரென் பெயரால் வந்தது. 1904இல் டி வைல்ட்மன் அதை விவரித்தார். காங்கோ அப்போது லியோபோல்ட் மன்னரின் கொடுமையான ரப்பர் ஆட்சியில் இருந்தது. வரவேற்பறைக்கு வந்த மஞ்சள் கரையின் பின்னால் அந்தக் காலமும் இருக்கிறது. ரோஜாப் பூ மாதிரி குள்ளமாக விரியும் ஹானி வகை 1939இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நர்சரியில் கண்டெடுக்கப்பட்டு 1941இல் காப்புரிமை பெற்றது. நார் தந்த செடிக்கு அழகுக்காகக் காப்புரிமை வாங்கும் காலம் வந்துவிட்டது.

மரபணு ஆய்வுகள் வந்தபிறகு சான்செவீரியா என்ற பேரினமே கலைந்துவிட்டது. இவை எல்லாம் டிரசீனா பேரினத்துக்குள் அடங்குகின்றன என்று முடிவானது. 2017 முதல் நம் தொட்டிச் செடி டிரசீனா டிரைஃபாசியாட்டா. டிரசீனா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெண் டிராகன் என்று அர்த்தம். பாம்பு டிராகன் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

நாசா சொன்னது என்ன?

1989இல் நாசாவின் ஸ்டென்னிஸ் விண்வெளி மையத்தில் பி.சி. வுல்வர்ட்டன் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க நிலவடிவமைப்பு ஒப்பந்ததாரர்கள் சங்கமும் அதில் கூட்டு. பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன், ஃபார்மால்டிஹைடு ஆகிய மூன்று வாயுக்களைச் சின்னச் சின்ன மூடிய பெட்டிகளுக்குள் விட்டு, செடி வைத்தால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. சோதித்த செடிகளில் லாரென்டியும் ஒன்று.

ஆராய்ச்சியில் பொய் இல்லை. ஆனால் அது காற்றே உள்ளே வராத பெட்டி. விண்வெளிக் கலத்துக்கு அந்தக் கேள்வி சரி. நம் வீட்டுக்குக் கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, இடுக்கு வழியாகவும் காற்று போய் வருகிறது. 2019இல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வாரிங் இருவரும் இதுபோன்ற 12 ஆய்வுகளின் 196 முடிவுகளை எடுத்து ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் சாதாரணமாக நடக்கிற காற்றுப் பரிமாற்றத்துக்குச் சமமான வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும்.

நம் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 10க்கு 12 அடி பெட்ரூம் சுமார் 11 சதுர மீட்டர். மிகக் குறைந்த கணக்கிலேயே 110 தொட்டி. ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் சதுரம் இடம் பிடித்தால் தரையில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். மேல் கணக்கு 11,000 தொட்டி. கட்டிலுக்கு இடம் இருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குழந்தைக்கு வீசிங். பெற்றோர் அக்கறையோடு பெட்ரூமில் ஆறு ஸ்நேக் பிளாண்ட் வாங்கி வைத்தார்கள். ஏசி போடுவதால் ஜன்னல் நாள் முழுக்க மூடியே இருக்கும். சாயங்காலம் கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. "அதான் செடி இருக்கே" என்ற தைரியம் வேறு. கொசுவர்த்தியை நிறுத்தி, வலை அடித்து, ஜன்னலைக் காலையும் மாலையும் அரை மணி திறந்து வைத்தால் அந்த ஆறு செடியால் ஒருபோதும் செய்ய முடியாததைச் செய்துவிடலாம். செடி அழகுக்கு இருக்கட்டும். வைத்தியத்துக்கு டாக்டர் இருக்கிறார்.

"இரவில் ஆக்சிஜன் தரும்" என்பது இன்னொரு வாட்சப் வாக்கியம். ஹைனே மென்ற ரணகள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் இந்தச் செடி கார்பன் டை ஆக்சைடை இழுப்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாவது தண்ணீர் மூலக்கூறு வெளிச்சத்தால் உடையும்போது. வெளிச்சம் இல்லாமல் அது நடக்காது. இரவில் துளை திறப்பது நமக்கு ஆக்சிஜன் கொடுக்க இல்லை, தன் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ள.

அப்படியானால் எப்படி வளர்ப்பது?

இதுவரை சொன்ன வரலாற்றையே பராமரிப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர்: மழை பொய்த்த மலைவழியில் நின்ற செடி இது. இலையே அதன் தண்ணீர்த் தொட்டி. நிரம்பிய தொட்டியில் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். ஒரு ஊதுபத்திக் குச்சியை மண்ணில் அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். முழுக்கக் காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் வெளிச்சமான இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்திலும் மங்கிய அறையிலும் மாதம் ஒருமுறை என்று வரும். காலண்டரைவிடக் குச்சியை நம்புங்கள். இலைகள் சேரும் நடுக்குழியில் தண்ணீர் விடாதீர்கள்.

தொட்டி: துளை இல்லாத வெள்ளைப் பீங்கான் தொட்டிதான் பல செடிகளுக்கு எமன். மண் தொட்டி உத்தமம், பக்கவாட்டிலும் காயும். பீங்கான்தான் வேண்டுமென்றால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியோடு அதற்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து விட்டு, வடிந்ததும் உள்ளே வைக்கலாம்.

மண்: வெறும் கோகோபீட் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். களிமண்ணும் அப்படித்தான். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மட்கிய எரு அரைப் பங்கு என்று கலந்தால் போதும். பரல் கல் நிலத்துச் செடிக்குக் கொஞ்சம் சரளைக்கல் கலந்தாலும் சந்தோஷம்தான்.

வெளிச்சம்: இருட்டு மூலையிலும் சாகாது, ஆனால் வளராது. சேமிப்பிலிருந்து செலவு பண்ணிக்கொண்டிருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்றடிக்குள் வைத்தால் புது இலை வரும். பால்கனி வெயிலுக்கு மாற்றுவதானால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. திடீரென்று வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

அழுகினால்: இலை அடியில் கொழகொழவென்று ஆகி நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். வாடியிருக்கிறதே என்று மேலும் ஊற்றிவிடாதீர்கள். செடியை எடுத்து, அழுகியதைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். காயம் ஆறும் வரை அதற்குத் தேவையான தண்ணீர் இலையிலேயே இருக்கிறது.

பெருக்குவது: இலையை நான்கு அங்குலத் துண்டாக வெட்டி, சில நாள் காயவிட்டு, கீழ்முனை கீழேயே இருக்கும்படி நட்டால் வேர் விடும். தலைகீழாக நட்டால் வராது. மஞ்சள் கரை வகையை இப்படி நட்டால் குட்டி வெறும் பச்சையாக வரும். ஏனென்றால் அந்த மஞ்சள், இரண்டு வகைத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததால் வந்தது. துண்டு இலையிலிருந்து முளைக்கும் குட்டிக்கு அந்த அடுக்கு கிடைப்பதில்லை. மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இலையில் சப்போனின் இருக்கிறது. பூனையோ நாயோ கடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

சில வருடம் இப்படி விட்டுவைத்தால் ஒரு நாள் நீளமான தண்டில் வெளிர்ப் பூக்கள் வரலாம். இரவில் மணக்கும், காம்பில் தேன் துளி நிற்கும். இந்தச் செடிக்கு எல்லா வேலையும் இரவில்தான்.

நம் மருளை எந்த நர்சரியிலும் நான் பார்த்ததில்லை. இலங்கைப் பெயர் போட்டு "ஜெய்லானிகா" என்று விற்பதும் பெரும்பாலும் ஆப்பிரிக்க வகைதான். ஆனால் கிழக்குக் கரையோரக் கிராமங்களில் வேலியோரம், கோயில் காட்டோரம் மருள் இன்னும் இருக்கிறது. உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர், யாராவது இதில் நார் கிழித்துக் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா, பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பூக்கட்டவோ, விறகுக்கட்டு கட்டவோ, வைக்கோல் கட்டவோ, எதுவானாலும் சரி. புறநானூற்றுக்கும் 1855க்கும் நடுவில் இந்த நார் எங்கெங்கே போனது என்று அடுத்த குறிப்பில் எழுத அது உதவும்.